புண்ணியவான் சாவு

நமது நாட்டில் ஒருவன் இராத்திரி சோறு தின்று படுத்தவன் காலையில் எழுந்திருக்கவில்லை என்றால், துக்கத்திற்கு வந்தவர்கள் சொல்லுகின்ற முதல் வார்த்தை, "புண்ணியவான், நோவு நொடி இல்லாமல் போய்விட்டார், யாருக்குக் கிடைக்கும் இந்தச் சாவு!" என்பதேயாகும். செத்தவனுக்கு வயது 48. மூத்த பெண் காலேஜில் படிக்கின்றாள். பையன் பத்தாவது வகுப்பு. நிலத்தின் பேரில் கடன் இருக்கின்றது. ஆயினும் அவன் புண்ணியவான்! அந்த வீட்டு அம்மாளிடம், "அவருக்குச் சர்க்கரை வியாதி உண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். "பத்து வருஷமாக உண்டு, ஆனால் போன மாதம்கூடப் பார்த்தோம், சர்க்கரை சரியாகத்தான் இருந்தது" என்று பல வீடுகளில் பதில் வரும்.

இந்தப் பதிலைத்தான் நாம் இன்று எடுத்துக்கொண்டு பேசப் போகின்றோம். சர்க்கரை சரியாக இருந்தவன் ஏன் செத்தான்?

சர்க்கரை வியாதி என்றால் மூத்திரத்தில் சர்க்கரை போவது, காலில் புண் வந்தால் ஆறாதது, கண் மங்குவது என்கின்ற அளவில்தான் நம் ஜனங்கள் அறிந்திருக்கின்றார்கள். அவையெல்லாம் உண்மைதான். ஆனால் இந்த வியாதியுள்ளவர்களில் மிகப் பலரைக் கொல்லுவது காலுமல்ல, கண்ணுமல்ல, இருதயமே. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் பிராமிங்காம் என்கின்ற ஊரில் 1948-ம் வருஷத்தில் 5,209 பேரைப் பதிவு செய்துகொண்டு, இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அவர்களைச் சோதித்து, யாருக்கு எப்போது என்ன வந்தது என்று எழுதி வரத் தொடங்கினார்கள். பிறகு அவர்களுடைய பிள்ளைகளையும் பேரப் பிள்ளைகளையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். 1979-ல் அந்தக் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது, சர்க்கரை வியாதிக்காரருக்கு இருதய நோயும் இரத்தக் குழாய் நோயும் மற்றவர்களைப் போல் இரண்டு மூன்று மடங்கு வருகின்றன என்றும், ஆண்களைவிடப் பெண்களுக்கே இந்த வியாதியால் வந்து சேரும் அதிகப்படியான கேடு பெரிது என்றும் தெரிந்தது. பெண் பிள்ளைக்கு மாரடைப்பு வராது என்று நினைத்துக்கொண்டிருக்கின்ற வீடுகள் இதைக் கவனிக்க வேண்டுகின்றோம். நம் வீடுகளில் கடைசியாகச் சாப்பிடுகின்றவளும் அவள்தான், கடைசியாக டாக்டரிடம் போகின்றவளும் அவள்தான்.

இனி, "நோவு நொடி இல்லாமல்" என்கின்ற வார்த்தைக்கு வருவோம். இரத்தத்தில் சர்க்கரை பல வருஷம் மிகுந்திருந்தால் நரம்புகள் கெட்டுப் போகின்றன. பாதத்தில் முள் குத்தினால் தெரியாமற் போவது எதனாலோ, அதனாலேயே இருதயத்தின் நோவும் தெரியாமற் போகின்றது. மற்றவனுக்கு மாரடைப்பு வந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கத்துவான், ஊரைக் கூட்டி ஆஸ்பத்திரிக்குப் போவான், பிழைக்கவும் பிழைப்பான். சர்க்கரைக்காரனுக்கு அதே மாரடைப்பு வெறும் வியர்வையாகவும், மூச்சு வாங்குதலாகவும், மேல் வயிற்றில் ஒரு சங்கடமாகவும் வந்துவிடக்கூடும். அவன் அதை வாயு என்று சொல்லி ஒரு சோடாவைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்ளுகின்றான். அப்படிப் படுத்தவன்தான் காலையில் புண்ணியவானாகின்றான். செத்துப்போன நரம்பு கொடுத்த மௌனத்தைப் புண்ணியம் என்று பெயரிட்டுக் கும்பிடுகின்றோம் என்பதைத் தவிர இதில் வேறு என்ன இருக்கின்றது என்று கேட்கின்றோம்.

நிற்க, சர்க்கரையைக் குறைத்துவிட்டால் இருதயமும் தானாகத் தப்பிவிடும் என்று அந்த அம்மாள் மாத்திரமல்ல, உலகத்திலுள்ள பெரிய பெரிய டாக்டர்களும் வெகுகாலம் நம்பிக்கொண்டுதான் இருந்தார்கள். நம்பியதற்குக் காரணமும் இருந்தது. 1922-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் கானடா தேசத்து டொராண்டோ நகரில் சாகக் கிடந்த 14 வயதுப் பையன் ஒருவனுக்கு இன்சுலின் ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார்கள். அதற்கு முன்னே இந்த வியாதி வந்த குழந்தை அதிகமாய்ப் போனால் இரண்டொரு வருஷம் உயிரோடிருக்கும். கண்டுபிடித்தவர்களாகிய பான்டிங்கும் பெஸ்டும் காலிப்பும் அதன் உரிமையை ஆளுக்கு ஒரு டாலர் வீதம் பெற்றுக்கொண்டு டொராண்டோ சர்வகலாசாலைக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஒரு டாலரை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும். பின்னால் அதைப் பற்றிப் பேசுவோம். ஆகவே, சர்க்கரையை இறக்கினால் உயிர் பிழைக்கும் என்பது கண்கூடாயிற்று. ஆனால் பிழைத்தவர்கள் வருஷக்கணக்காக வாழ்ந்தபோது வேறொரு சங்கதி வெளிவந்தது. அவர்கள் கண்ணாலும், மூத்திரக்காயாலும், எல்லாவற்றையும்விட இருதயத்தாலும் சாகத் தொடங்கினார்கள்.

இங்கிலாந்தில் 1977-ல் தொடங்கி ஐயாயிரத்துச் சொச்சம் பேரை வைத்து ஒரு பெரிய சோதனை நடத்தி 1998-ல் முடிவை வெளியிட்டார்கள். சர்க்கரையை நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், மூத்திரக்காய் இவைகளின் நுண்ணிய குழாய்களில் வரும் கேடு கால் பங்கு குறைந்தது. மாரடைப்போ 16 சதவிகிதம் குறைந்ததாகத் தோன்றிற்று; ஆனால் அது தற்செயலாக நேர்ந்ததாகவும் இருக்கலாம் என்று அவர்களே எழுதிவிட்டார்கள். அதே சோதனையில் இரத்தக் கொதிப்பைக் கட்டுப்படுத்தியவர்களுக்கோ, இந்த வியாதியைச் சேர்ந்த சாவுகள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கும், பக்கவாதம் 44 சதவிகிதமும் குறைந்தன. சர்க்கரைக்காரனுடைய உயிரைச் சர்க்கரை மருந்தைவிடக் கொதிப்பு மருந்து அதிகமாகக் காத்தது என்றால் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? (சர்க்கரையை ஆரம்பத்திலேயே கட்டுப்படுத்தியவர்களுக்குப் பத்து வருஷம் கழித்து மாரடைப்பும் குறைந்திருந்தது என்று 2008-ல் மறுபடியும் கணக்குப் பார்த்துச் சொன்னார்கள். ஆதலால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது வீண் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.)

இதற்குப் பின் நடந்தது இன்னும் விசேஷமானது. கொஞ்சம் இறக்கினால் கொஞ்சம் நன்மை என்றால், முழுக்க இறக்கினால் முழு நன்மையல்லவா என்று அமெரிக்காவிலும் கானடாவிலும் 10,251 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவாருக்குச் சர்க்கரையை நோயில்லாதவன் அளவுக்கே இறக்கப் பார்த்தார்கள். 2008-ம் வருஷம் பிப்ரவரியில் அந்தச் சோதனையில் பாதியை அவசரமாக நிறுத்த நேர்ந்தது. ஏன்? கடுமையாக இறக்கப்பட்ட பிரிவில் 257 பேரும், சாதாரணமாகக் கவனிக்கப்பட்ட பிரிவில் 203 பேரும் செத்திருந்தார்கள். அதற்கு முந்தின வருஷத்தில்தான், சர்க்கரையை அழகாக இறக்கிக் கொடுத்து உலகமெங்கும் விற்றுக்கொண்டிருந்த ரோசிக்ளிட்டசோன் என்கின்ற மாத்திரையைப் பற்றி, பல சோதனைகளின் கணக்கையும் சேர்த்துக் கூட்டிய இரண்டு பேர், அது மாரடைப்பை 43 சதவிகிதம் அதிகமாக்குவதாகக் காண்கின்றது என்று எழுதினார்கள். ஐரோப்பாவில் 2010-ல் அதை நிறுத்தினார்கள்; இந்தியாவிலும் அவ்வருஷமே தடுத்தார்கள். அமெரிக்கா முதலில் கட்டுப்பாடு வைத்து, பின்பு 2013-ல் மறு பரிசீலனை செய்து தளர்த்திவிட்டது. அந்த விவாதம் எப்படியானாலும், அதன் பயனாக 2008 டிசம்பரில் அமெரிக்க சர்க்கார் மருந்து இலாகா ஒரு விதி செய்தது. சர்க்கரையை இறக்குகின்றது என்று காட்டினால் போதாது; இருதயத்துக்குத் தீங்கு செய்யவில்லை என்பதையும் காட்ட வேண்டும் என்பதே அந்த விதி.

இதில் நாம் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புவது யாதெனில், இந்தத் தப்பிதங்களையெல்லாம் வெளியில் வந்த எதிரி கண்டுபிடிக்கவில்லை. அந்தத் தொழிலில் இருக்கின்றவர்களே தங்கள் நம்பிக்கையைத் தாங்களே தராசில் போட்டு, குறைகின்றது என்று கண்டதும் ஊரறியச் சொன்னார்கள். தாயத்துக் கட்டி ஆள் செத்தால், "உனக்கு நம்பிக்கை போதவில்லை" என்பார்கள். மாத்திரை கொடுத்து ஆள் செத்தால், "மாத்திரையில் என்ன குற்றம்?" என்று கேட்கின்றார்கள். சோதனை நடத்தும் மாதிரியையும் பாருங்கள். ஆயிரக்கணக்கான நோயாளிகளில் யாருக்கு மருந்து, யாருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்கின்றார்கள். நோயாளிக்கும் தெரியாது; கொடுக்கின்ற டாக்டருக்கும் தெரியாது. நம்மவர்களும் கோயிலில் சீட்டுக் குலுக்குகின்றார்கள். அது சாமியின் சித்தத்தைத் தெரிந்துகொள்ளுவதற்காம். அவர்கள் குலுக்குவது மனுஷனுடைய பாரபட்சம் உள்ளே புகாமலிருப்பதற்கு.

அந்த விதியினால் விளைந்த நன்மை ஒருவரும் எதிர்பாராதது. 1835-ல் பிரெஞ்சு ரசாயன சாஸ்திரிகள் ஆப்பிள் மரத்துப் பட்டையிலிருந்து ஒரு கசப்புச் சத்தை எடுத்தார்கள். அதைத் தின்றால் மூத்திரத்தில் சர்க்கரை போகின்றது என்று அந்த நூற்றாண்டின் கடைசியில் கண்டார்கள். மூத்திரத்தில் எறும்பு மொய்ப்பதுதான் இந்த நோயின் அடையாளம் என்று நமது பழைய வைத்திய நூல்காரர்கள் கண்டு எழுதியிருக்கின்றார்கள். நல்ல கண்தான், நாம் அதை மறுக்கவில்லை, பார்த்ததை எழுதினார்கள். ஆனால் அதற்குப் பின் வந்தவர்கள் எறும்பைவிட்டு ஒரு அடி நகராமல், "எல்லாம் எங்கள் ஏட்டில் உண்டு" என்று சொல்லிக்கொண்டே காலங்கழித்துவிட்டார்கள். மேல்நாட்டில் அந்தப் பட்டைச் சத்தின் வழியைப் பின்பற்றி, மூத்திரக்காய் சர்க்கரையைத் திரும்ப இரத்தத்துக்குள் இழுத்துக்கொள்ளாமல் வெளியே விட்டுவிடும்படி செய்கின்ற மாத்திரைகளை உண்டாக்கினார்கள். அதாவது நோயின் அடையாளமாக இருந்ததையே மருந்தின் வேலையாக்கினார்கள்!

அவற்றில் ஒன்றாகிய எம்பாக்ளிப்ளோசினை, இருதய நோயும் சர்க்கரையும் சேர்ந்திருந்த 7,020 பேரிடம் 42 தேசங்களில் சோதித்து 2015-ல் முடிவைச் சொன்னார்கள். தீங்கில்லை என்று காட்டுவதற்காகச் செய்த சோதனையில் உயிர் காப்பதாகத் தெரிந்தது. இருதய, இரத்தக் குழாய் நோயால் வரும் சாவு 38 சதவிகிதம் குறைந்தது என்று பத்திரிகைகள் எழுதின. சதவிகிதத்தைக் கேட்டு மயங்காமல் ஆள் கணக்காகப் பார்ப்போம். ஏறக்குறைய மூன்று வருஷத்தில் ஆயிரம் பேரில், வெறும் மாத்திரை தின்றவர்களில் 59 பேரும், மருந்து தின்றவர்களில் 37 பேரும் இவ்விதம் செத்தார்கள். எனவே ஆயிரத்துக்கு 22 பேர் பிழைத்தார்கள். மாயமில்லை, மந்திரமில்லை, செத்தவர்களும் இருக்கின்றார்கள். ஆனால் அந்த 22 பேரும் மெய். 2019-ல் இதே இனத்தைச் சேர்ந்த டபாக்ளிப்ளோசின் என்கின்ற இன்னொரு மாத்திரையை, இருதயம் பலவீனப்பட்ட 4,744 பேரிடம் சோதித்தபோது, அவர்களில் பாதிக்குமேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை வியாதியே இல்லை. அவர்களுக்கும் அதே நன்மை கிடைத்தது. அப்படியானால் இந்த மருந்து சர்க்கரையை இறக்குவதனால் மாத்திரம் இருதயத்தைக் காக்கவில்லை என்பது விளங்குகின்றதல்லவா?

இன்னொரு மருந்தின் கதை நம் ஜனங்களுக்கு ரசமாக இருக்கும். நமது பஞ்சாங்கத்தில் பல்லி தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன, எந்தத் திக்கில் கத்தினால் என்ன என்று பலன் எழுதி விற்கின்றார்கள். அமெரிக்காவின் பாலைவனத்தில் கிலா என்கின்ற ஒரு விஷப் பல்லி உண்டு. அங்கே ஒருவர் அந்தப் பல்லியின் விஷ எச்சிலை எடுத்துச் சோதித்து, 1992-ல் அதில் ஒரு பொருளைக் கண்டார். அது நமது குடலில் ஊறிச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துகின்ற ஒரு சத்தைப் போன்றே வேலை செய்தது. 2005-ல் மருந்தாகவும் வந்தது. அந்த வகையில் பின்னால் வந்த மருந்துகளில் லிராக்ளுடைடு 2016-ல் 9,340 சர்க்கரை வியாதிக்காரரிடம் மாரடைப்பு, பக்கவாதம், இருதயச் சாவு மூன்றையும் சேர்த்து 13 சதவிகிதம் குறைத்தது. செமாக்ளுடைடு 2023-ல், சர்க்கரை இல்லாமல் உடல் கனமும் இருதய நோயும் உள்ள 17,604 பேரிடம் 20 சதவிகிதம் குறைத்தது. அவர்களும் பல்லியைப் பார்த்தார்கள், நாமும் பல்லியைப் பார்க்கின்றோம்.

இந்த மருந்துகளிலும் தொந்தரவுகள் உண்டு. மூத்திரத்தில் சர்க்கரை போக்குகின்ற மாத்திரையினால் மர்ம ஸ்தானத்தில் காளான் புண் வரலாம். பட்டினி கிடந்தாலும், வாந்தி பேதி கண்டாலும் சிலருக்கு இரத்தம் புளித்து அபாயமாகவும் முடியலாம். ஆகையால் பக்கத்து வீட்டுக்காரர் தின்கின்றார் என்று நாமும் வாங்கித் தின்னும் காரியமல்ல.

நம் தேசத்துக்கு வருவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில், சென்னையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று, 1,13,043 பேரைச் சோதித்த கணக்கு 2023-ல் வெளியாயிற்று. அதன்படி இந்தியாவில் சர்க்கரை வியாதியுள்ளவர்கள் 10 கோடியே 10 லட்சம் பேர். அதன் வாசற்படியில் நிற்கின்றவர்கள் 13 கோடியே 60 லட்சம் பேர். இது பணக்காரன் வியாதி, உட்கார்ந்து தின்கின்றவன் வியாதி என்று கிராமத்தார் இனிச் சொல்லிக்கொண்டிருப்பதற்கில்லை.

வாசற்படியில் நிற்கின்றவர்களைப் பற்றியும் நமது சென்னையிலேயே ஒரு சோதனை நடந்து 2006-ல் முடிவு வந்தது. 531 பேரை எடுத்துக்கொண்டு, ஒன்றும் செய்யாமல் விட்ட பிரிவில் மூன்று வருஷத்தில் நூற்றுக்கு 55 பேருக்கு வியாதி வந்துவிட்டது. நடையும் சாப்பாட்டு ஒழுங்கும் சொல்லிக்கொடுத்த பிரிவில் 39 பேர். மெட்பார்மின் மாத்திரை கொடுத்த பிரிவில் 40 பேர். இரண்டையும் கொடுத்தாலும் அதே 39 தான். மாத்திரை செய்ததை நடை செய்தது, நடைக்குக் காசில்லை. சீன தேசத்தில் டாசிங் என்னுமிடத்தில் 1986-ல் இதே மாதிரி ஆறு வருஷம் சாப்பாட்டையும் நடையையும் திருத்தி, முப்பது வருஷம் கழித்துக் கணக்கெடுத்தபோது, அப்படித் திருத்திக்கொண்டவர்களிடையே இருதய, இரத்தக் குழாய் நோயால் சாவது மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. டென்மார்க்கில் சர்க்கரை வியாதி முற்றின 160 பேரில் பாதிப் பேருக்குச் சர்க்கரை, கொதிப்பு, இரத்தக் கொழுப்பு, புகை, நடை எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கவனித்தார்கள். 21 வருஷம் கழித்துப் பார்த்தால் அவர்கள் மற்றப் பாதிப் பேரைவிட ஏறக்குறைய 8 வருஷம் அதிகமாக வாழ்ந்திருந்தார்கள். எட்டு வருஷம் என்பது நாம் முதலில் சொன்ன அந்த வீட்டில் பெண் காலேஜ் முடித்து, பையன் தலையெடுத்து, கடனும் அடைகின்ற காலமாகும்.

இப்படியிருக்க, சந்தையிலும் பஸ் நிலையத்திலும் கையிலிருக்கும் டெலிபோனிலும், "48 நாளில் சர்க்கரைக்கு விடுதலை, மாத்திரையைத் தூக்கி எறியுங்கள்" என்று ஒரு கூட்டம் கூவிக்கொண்டிருக்கின்றது. அவர்களை நாம் இரண்டே கேள்வி கேட்கின்றோம். உமது சூரணத்தை எத்தனை பேருக்குக் கொடுத்தீர்; அவர்களில் எத்தனை பேர் ஐந்து வருஷம் கழித்து உயிரோடிருக்கின்றார்கள்? சர்க்கரை இறங்கிற்று என்கின்ற சீட்டைக் காட்ட வேண்டாம். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டுதான் ரோசிக்ளிட்டசோனும் விற்றது. இவர்கள் பேச்சைக் கேட்டுச் சர்க்கரை மாத்திரையோடு கொதிப்பு மாத்திரையையும் கொழுப்பு மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிடுகின்ற சிலரைத்தான் நாம் சில மாதம் கழித்துப் புண்ணியவான் என்று தூக்கிக்கொண்டு போகின்றோம். டாக்டர்களிலும், சர்க்கரை எண்ணை மாத்திரம் பார்த்துவிட்டு, கொதிப்பைப் பாராமலும், மூத்திரத்தில் புரதம் போகின்றதா என்று கேளாமலும், அடுத்த ஆளைக் கூப்பிடுகின்றவர்கள் இல்லாமலில்லை. அவர்களிடம் நோயாளி வாய் திறந்து, "ஐயா, என் இருதயத்துக்கு என்ன செய்தீர்கள்?" என்று கேட்க வேண்டும். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

கடைசியாக, அந்த ஒரு டாலர் சங்கதி. எம்பாக்ளிப்ளோசின் மாத்திரை ஒன்று நமது நாட்டில் சுமார் 60 ரூபாய்க்கு விற்றுவந்தது. தினம் ஒன்று, ஆயுள் முழுதும் தின்ன வேண்டியது. கூலிக்காரன் எங்கே போவான்? 2025 மார்ச்சு மாதத்தில் அதன் காப்புரிமை தீர்ந்ததும் பல கம்பெனிகள் தயாரித்து, மிகவும் குறைந்த விலைக்கு விற்க ஆரம்பித்தன. மருந்து அதுவே, வேலையும் அதுவே. 2015-ல் கண்ட உண்மை ஏழையின் வாசலுக்கு வர பத்து வருஷம் பிடித்தது. தமிழ்நாட்டு சர்க்கார் 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் என்கின்ற திட்டத்தில் சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். அதை நாம் மனமாரப் பாராட்டுகின்றோம். விலை இறங்கிய இந்த மாத்திரையும், வேண்டியவர்களுக்கு டாக்டர் பார்த்து, அந்தப் பையில் ஏறுகின்றதா என்பதைத் தோழர்கள் தங்கள் தங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேட்டு, கிடைத்த பதிலை நமக்கு எழுதும்படி வேண்டிக்கொள்ளுகின்றோம்.